குடிக்காதவனை வெளிநாட்டு அறையில் ஒதுக்கிவிடுவார்களா?

பாம்பன் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அடுத்த மாதம் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போகிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. அங்கே அறையில் எல்லோரும் குடிப்பார்கள், குடிக்காதவனை ஒதுக்கிவிடுவார்கள், மேலதிகாரிகளும் மதிக்கமாட்டார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா? வயிற்றில் ஏதோ நோய் என்று சொல்லிச் சமாளித்துவிடலாமா?"

தம்பி, உங்களைப் பயமுறுத்தியவர்களில் பாதிப் பேர் மண்டபம் ரயில் நிலையத்தைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஒதுக்கமாட்டார்கள். ஆனால் சும்மாவும் விடமாட்டார்கள். அந்தத் தொல்லை நீங்கள் எதிர்பார்க்கிற திசையிலிருந்து வராது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சீனரும் கொரியரும் வெள்ளைக்காரரும் என்னைக் குடிக்கச் சொன்னது கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கும். தொண்டி, தேவிபட்டினம், சாயல்குடி என்று நம் கரை ஊர்க்காரர்கள் சொன்னதற்குக் கணக்கே இல்லை.

நான் உச்சிப்புளிக்குக் கிழக்கே ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரன். 2005 முதல் 2014 வரை சிங்கப்பூரில் கப்பல் பட்டறை, நடுவில் ஏழு மாதம் கொரியா, பிறகு ஆறு ஆண்டுகள் பஹ்ரைன். இத்தனை காலத்திலும் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை. பெரிய கொள்கை ஒன்றும் கிடையாது. அப்பா குடித்துவிட்டு வலையை அடகு வைத்ததை ஏழு வயதில் பார்த்தேன், அந்த வாடையே பிடிக்காமல் போயிற்று. அவ்வளவுதான்.

சிங்கப்பூர் விடுதியில் எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். இரட்டை அடுக்குக் கட்டில்கள், நடுவில் ஆள் ஒருவர் நடக்கிற இடம். சனிக்கிழமை மாலை அந்த இடத்தில் செய்தித்தாளை விரித்து, ஆட்டுக்கறி வறுவலைச் சட்டியோடு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் குவளைகளை வட்டமாக அடுக்குவார்கள். நான் போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை பதினோராவது குவளையை எனக்காக வைத்தார் நம்புதாளை அண்ணன் ஒருவர். "வேண்டாம் அண்ணே, பழக்கமில்லை" என்றேன். அறை ஒரு கணம் அமைதியானது. அதன்பின் விசாரணை தொடங்கியது. மாலை போட்டிருக்கிறாயா? மஞ்சள்காமாலை வந்ததா? மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? மதம் மாறிவிட்டாயா? மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்தாயா? தாந்திரிகர்களுக்குப் பஞ்ச மகாரம், அதாவது 'ம'வில் தொடங்கும் ஐந்து பொருள்கள், மதுவில் தொடங்கும். எங்கள் அறையில் மதுவிலிருந்து தப்பிக்கத்தான் ஐந்து மகாரங்கள். ஐந்தில் ஒன்றைச் சொன்னால் மரியாதையாக விட்டுவிடுவார்கள். "எனக்கு விருப்பமில்லை" என்று சொன்னால் மட்டும் அது பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படாது. விருப்பம் இல்லாமல் இருப்பதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டவனை 41 நாள் யாரும் தொடமாட்டார்கள். தங்கச்சிமடத்துக் கத்தோலிக்க நண்பர் தவக்காலம் என்றால் குவளை தானாக ஒதுங்கும். எங்கள் அறையில் கீழக்கரை முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், காக்கா என்று கூப்பிடுவோம். எட்டு ஆண்டில் ஒருமுறைகூட அவரை யாரும் கேட்டதில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து வறுவலைத் தொட்டுச் சோறு சாப்பிடுவார், பேச்சில் கலந்துகொள்வார், தூங்கிவிடுவார். பெயரே அவருக்குக் கவசம். அதே அறைக்குப் பெரியபட்டினத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஆசைப்பட்டு ஒருநாள் குவளையை நீட்டினார். என்னை ஆறு மாதமாகக் குடிக்கச் சொல்லி வதைத்த அதே நம்புதாளை அண்ணன், "உனக்கெல்லாம் இது ஆகாது, உன் வாப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆவது" என்று குவளையைப் பிடுங்கி வைத்தார். எனக்குக் கட்டாயம், அவருக்குத் தடை. இரண்டுக்கும் அறையில் ஒரே நியாயம்: உன் ஊர் உன்னைப் பற்றி எதை எதிர்பார்க்கிறதோ அப்படி இரு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரில் நிலவரம் அப்படியே தலைகீழ். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது தாண்டிய ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் குடிப்பதாகச் சொன்னார்கள். கணக்கெடுக்க வந்தவர்களிடம் கொஞ்சம் பேர் மறைத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், குடிக்காதவர்கள்தான் பெரும்பான்மை. பன்னிரண்டு பேர் அறையில் பத்துப் பேர் குவளை ஏந்துவது எப்படி? கேட்டுப் பார்த்தேன். அவர்களில் நான்கு பேர் ஊரில் குடித்ததே இல்லை. விமானம் ஏறிய பிறகு, தனியாக இருக்கக்கூடாது என்பதற்காக மட்டும் தொடங்கியவர்கள். அதில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து குடிப்பதுபோலக் குடிப்பார்.

இனி ஏன் இந்த வற்புறுத்தல் என்பதற்கு வருகிறேன். முதல் வருடம் நானும் தப்பாகவே நினைத்தேன், கெட்டவர்கள் என்னையும் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று. அந்த நினைப்பு முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "சாமியார்" என்று பெயர் வைத்தார்கள். வறுவல் தீர்ந்துபோனால் "சாமியார்தான் காலி செய்தார்" என்பார்கள். குடிக்காதவன்தான் தொடுகறியில் பாதியைத் தின்கிறான் என்பது உலகெங்கும் உள்ள தமிழ் அறைகளின் நிரந்தரப் புகார், அதில் உண்மையும் இருக்கிறது.

உண்மைக் காரணம் எனக்குப் புரிந்தது ஒரு சனிக்கிழமை இரவில். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர், மூன்றாவது குவளைக்குப் பிறகு அழத் தொடங்கினார். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் வட்டியில் நிற்பதையும், தங்கச்சி நகையை மீட்க முடியாததையும், தான் ஊருக்குச் சொல்லியிருக்கும் சம்பளம் பொய் என்பதையும் சொல்லிச் சொல்லி அழுதார். கைலி நழுவியது தெரியவில்லை. நான்தான் எழுந்து கைலியைக் கட்டிவிட்டு, முகத்தைத் துடைத்து, கீழ்க்கட்டிலில் படுக்கவைத்தேன். குடித்த மற்றவர்களுக்கு மறுநாள் காலை அது பாதிக் கனவு, காக்கா வழக்கம்போல முன்பே தூங்கிவிட்டிருந்தார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் நினைவிருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஞாயிறு காலையில் எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தவர் என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவருடைய சம்பள விவகாரம் எப்படியோ ஊரில் தெரிந்துவிட்டது. நான்தான் சொன்னேன் என்று முடிவு கட்டினார். ஆறு மாதம் பேசவில்லை. நான் சொல்லவில்லை, தம்பி. ஆனால் சொல்லக்கூடியவனாக அந்த அறையில் இருந்தது நான் ஒருவன்தான்.

நம் கரையில் வெளிநாட்டு அறை என்பது தனி அறை அல்ல, ஊரின் கிளை. ஒருவன் மாமன் மகன், இன்னொருவன் சம்பந்திக்குத் தம்பி, மூன்றாமவன் அதே கோயில் வரிக்காரன். இரவில் விழுந்தது விடிவதற்குள் தொலைபேசியில் ஊருக்குப் போய்விடும். எல்லோரும் குடித்திருந்தால் எல்லோரும் ஒரே குற்றத்தில் கூட்டு, யாரும் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது. தெளிந்த கண்ணோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் அவன் சாட்சி. அவர்கள் குவளையை நீட்டுவது உங்களைக் கெடுக்க அல்ல, சாட்சியை இல்லாமல் ஆக்க. இது புரிந்தபின் எனக்குக் கோபம் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டேன். சட்டியில் கறி வேகும்போது நானும் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன், முதல் சுற்றுவரை பேசுவேன், குரல்கள் உயரும்போது காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு மேல்கட்டிலுக்கு ஏறிவிடுவேன். மறுநாள் எதையும் கேட்கமாட்டேன், "நேற்று என்ன ஆட்டம் போட்டாய் தெரியுமா" என்று சிரிப்புக்குக்கூடச் சொல்லமாட்டேன். ஒரு வருடத்தில் நிலைமை மாறியது. சனிக்கிழமை சம்பளம் வந்தால், மாலை ஐந்து மணிக்கு முன், பாட்டில் திறப்பதற்கு முன், ஒவ்வொருவராக வந்து ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை என் கையில் கொடுத்தார்கள். "இன்றைக்கு நான் திரும்பக் கேட்டாலும் கொடுக்காதே" என்பார்கள். ஞாயிறு காலை சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடையில் ஏழெட்டுப் பேர் பணத்தை நான் வரிசையில் நின்று கட்டுவேன். சீட்டுப் பணமும் என்னிடம்தான். சாமியார் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

வயிற்றில் நோய் என்று சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கப்பல் பட்டறையில் உயரத்தில் ஏறவும், தொட்டிக்குள் இறங்கவும் உடல் தகுதி பார்ப்பார்கள். நோயாளி என்ற பேச்சு மேற்பார்வையாளர் காதுக்குப் போனால் கூடுதல் நேர வேலையில் கைவைப்பார். இன்னொன்று, மூன்று மாதத்தில் நோய் குணமாகவில்லையா என்று மறுபடி கேட்பார்கள். "பிடிக்காது" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். பத்துத் தடவை சொல்ல வேண்டிவரும். பதினோராவது தடவை கேட்கமாட்டார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், அது உங்கள் பக்கம் நிற்கும். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, லிட்டில் இந்தியாவில் நம் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பஸ் மோதி இறந்து, அதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அன்று நான் விடுதியில் இருந்தேன். விசாரணைக் குழு மதுவையும் ஒரு காரணமாகச் சொன்னது. 2015 ஏப்ரலில் புதுச்சட்டம் வந்தது: இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது, கடையில் வாங்கிச் செல்லவும் முடியாது, லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் வார இறுதியில் இன்னும் கடுமை. அதற்கு முன்பே எங்கள் பட்டறை வாயிலில் சில திங்கட்கிழமை காலைகளில் ஊதச் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியவிடியக் குடித்தவன் அன்று காலை என் பின்னால் வரிசையில் நிற்கும்போது முகம் எப்படி இருக்கும் தெரியுமா?

வளைகுடா என்றால் கதையே வேறு. நம் கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குவைத்தில் மது முழுத் தடை. ஷார்ஜாவில் கடைகளில் விற்பனை கிடையாது, பக்கத்துத் துபாயில் உண்டு. சவுதியில் 2024இல் ரியாத்தில் முஸ்லிமல்லாத தூதரக அதிகாரிகளுக்கு ஒரு கடை திறந்தார்கள் என்பதை வைத்து நம் ஆட்கள் சட்டம் தளர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டால் சிறைதான். பஹ்ரைனில் அனுமதி உண்டு, அதனால் சவுதிக்காரர்கள் வார இறுதியில் 25 கிலோமீட்டர் கடல் பாலத்தைத் தாண்டி வருவார்கள். நம் பாம்பன் பாலத்தைப்போலப் பத்து மடங்கு நீளம்.

தடை உள்ள நாட்டில் குடிக்க நினைப்பவன் திருட்டுச் சாராயத்துக்குப் போவான். 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 23 பேர் இறந்தார்கள், 160 பேர் மருத்துவமனை சென்றார்கள். பெரும்பாலும் ஆசியத் தொழிலாளிகள், பார்வை போனவர்களும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் நாம் பார்த்ததும் இதே மெத்தனால்தான். அந்த நாடுகளில் அறைக்குள் காவலர் புகுந்தால் யார் குடித்தவன் யார் குடிக்காதவன் என்று பிரிப்பது பிற்பாடுதான், முதலில் எல்லோரையும் வண்டியில் ஏற்றுவார்கள். எனவே அங்கே குடிக்காதவர்கள் தனி அறை தேடுவதை யாரும் கர்வமாக நினைப்பதில்லை. மது கிடைக்கிற துபாயில்கூட, கராமா, சத்வா, தேரா பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் படுக்கை இட விளம்பரங்களைப் பாருங்கள்: "பேச்சிலர்களுக்கு இடம் உண்டு, குடி, புகை இல்லாதவர்கள் மட்டும்." ஒட்டியவர் தினமும் குடிப்பவராகக்கூட இருப்பார். தன் அறைக்கு வாடகைக்காரன் என்றால் மட்டும் அவருக்குச் சாமியார் தேவை.

மேலதிகாரிகளைப் பற்றிக் கேட்டீர்கள். கொரியாவில் கோஜே தீவில் இருந்தபோது வேலை முடிந்து குழுவாகச் சாப்பிடப் போவது கட்டாயம்போல. மேசை நடுவில் அடுப்பு, பன்றிக்கறி, பச்சைப் புட்டியில் சோஜு. அங்கே தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்ளக்கூடாது, பிறர் ஊற்ற வேண்டும், பெரியவர்களுக்கு ஊற்றும்போது இரண்டு கையும் புட்டியைத் தொட வேண்டும். குழுத்தலைவர் எனக்கு ஊற்ற வந்தார். நான் எழுந்து கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, "இது வேண்டாம் ஐயா" என்று சைகையால் சொல்லி, புட்டியை வாங்கி அவருக்கு ஊற்றினேன். அவர் ஒரு நொடி பார்த்தார், சிரித்தார், பணிப்பெண்ணைக் கூப்பிட்டு "சைடா" என்றார். அங்கே அது நம் எலுமிச்சைச் சோடாபோல ஒரு பானம். அன்றிலிருந்து ஏழு மாதமும் எல்லோருக்கும் ஊற்றுவது என் வேலை. இரண்டு கையால் ஊற்றுகிற மரியாதையில்தான் அவர்கள் கண் இருந்தது. என் கோப்பையில் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் குழுவில் மூத்த வெல்டர் ஒருவரும் சைடாதான் குடித்தார். கிழக்காசியரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மதுவைச் சிதைக்கும் நொதி ஒன்று சரியாக வேலை செய்யாது. ஒரு கோப்பையிலேயே முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். "உடம்பு ஏற்காது" என்பது அங்கே பழகிய பதில். ஒருநாள் அவரிடம் எங்கள் ஊர்ப் பனையைப் பற்றிச் சொன்னேன், காகிதத்தில் மரம் வரைந்து. அதே பாளை, அதே கலயம், உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள்ளை எங்கள் மாநிலத்தில் தடை செய்துவிட்டு அரசே கடை வைத்துச் சீமைச் சாராயம் விற்கிறது என்றேன். மொழிபெயர்த்தவன் தப்பாகச் சொல்கிறான் என்று நினைத்து மறுபடி கேட்டார்.

பிரிட்டன் போகிறவர்களுக்கு ஒரு வரி. அங்கே மதுக்கடையில் ஆளுக்கு ஒரு முறை எல்லோருக்குமாக வாங்குவது வழக்கம். உங்கள் முறை வரும்போது நீங்கள் வாங்கினால் போதும், உங்கள் கண்ணாடிக் குவளையில் ஆரஞ்சுச் சாறு இருப்பது யாருக்கும் பொருட்டல்ல. வாங்காமல் நழுவினால்தான் பெயர் கெடும்.

ஊருக்குத் திரும்பும்போது இன்னொரு சோதனை உண்டு. சுங்கத்தில் இரண்டு லிட்டர் மது அனுமதி என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்கள் மாமாக்கள் எல்லோருக்கும் தெரியும். விமானம் ஏறுமுன்பே தொலைபேசி வரும். நான் முதல் மூன்று தடவை வாங்கி வந்தேன். குடிக்காதவன் கையால் வாங்கிக் கொடுத்த பாட்டிலில் பெரியப்பா குடித்துவிட்டுப் பெரியம்மாவை அடித்த அன்றோடு நிறுத்தினேன். அதற்கப்புறம் கோடாலித் தைலம், கைவிளக்கு, பால்மாவு. "வெளிநாடு போயும் கஞ்சத்தனம் போகவில்லை" என்றார்கள். சொல்லட்டும்.

என்னோடு ஆறு மாதம் பேசாத அந்தப் பக்கத்து ஊர்க்காரருக்கு 2010இல் பெண் பார்த்தார்கள், தேவிபட்டினம் பக்கம். பெண் வீட்டார் விசாரித்திருக்கிறார்கள். அறையில் குடிக்காத பையன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் கேட்டால் உண்மை தெரியும் என்று யாரோ என் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பெண்ணின் தகப்பனார் கூப்பிட்டார். மாப்பிள்ளையோ எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என் பேச்சின் முதல் வார்த்தையிலேயே யார் என்று புரிந்துவிட்டது. ஊசி நின்றது.

"பையன் எப்படித் தம்பி?"

"ஐந்து வருடமாக ஒரே அறை ஐயா. ஒருநாள்கூட வேலைக்குத் தவறியதில்லை. தங்கச்சி கல்யாணக் கடனை முழுதாக அடைத்துவிட்டார்."

"அது சரி. இந்தத் தண்ணிப் பழக்கம்..."

எதிர்க்கட்டிலைப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது.

"அதை அவரிடமே கேட்டுவிடுங்கள் ஐயா. இதோ பக்கத்தில்தான் இருக்கிறார்" என்று தொலைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன். வேண்டுமென்றே நிதானமாகக் கழுவினேன், அடுத்த அறைக்காரர்களின் சட்டி உட்பட. திரும்பி வந்தபோது தொலைபேசி என் தலையணை மேல் இருந்தது. அவர் பொத்தானைத் தைத்து முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது. அன்று என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. மறுநாள் சனிக்கிழமை வட்டத்தில் என் முன்னால் பதினோராவது குவளையை அவரே வைத்து, அதில் தேநீர் ஊற்றினார்.